நுரையீரல்ல அரிய நோய்னு ரிப்போர்ட் வந்தாச்சு: முதல் 3 மாசம் பணத்தை எப்படி கையாளணும்?

வழக்கமா நம்ம சேனல்ல எஸ்ஐபி, வரி, ஹோம் லோன்னு பேசுவோம். இன்னைக்கு கொஞ்சம் கனமான விஷயம். ஆனா சம்பளம் வாங்குற ஒவ்வொருத்தரும் ஒரு தடவையாவது படிச்சு வெச்சுக்க வேண்டிய விஷயம்.

கதை பெரும்பாலும் இப்படித்தான் போகும். ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்குது. வறட்டு இருமல் போகவே மாட்டேங்குது. முதல்ல அலர்ஜின்னு மாத்திரை, அப்புறம் ஆஸ்துமான்னு இன்ஹேலர், சிலருக்கு டிபி மருந்து கூட. ஆறு மாசம், ஒரு வருஷம் கழிச்சு ஒரு டாக்டர் எச்ஆர்சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்றார். ரிப்போர்ட்ல "இன்டர்ஸ்டிஷியல் லங் டிசீஸ்", சுருக்கமா ஐஎல்டி. வயசு 30 கூட ஆகியிருக்காது.

ஐஎல்டிங்கிறது ஒரே நோய் இல்லை. நுரையீரலோட காற்றுப் பைகளுக்கு நடுவுல இருக்குற மெல்லிய திசு வீங்கி, தழும்பாகி, தடிச்சுப்போற 200-க்கும் மேற்பட்ட நோய்களுக்கான பொதுப்பெயர். திசு தடிச்சா ஆக்சிஜன் ரத்தத்துக்குள்ள போறது கஷ்டம், அதனால மூச்சு வாங்குது. இதுல சில வகை காரணத்தை நிறுத்தினாலே அடங்கும். சில வகை மருந்தால வருஷக்கணக்கா கட்டுக்குள்ள இருக்கும். ஐபிஎஃப் மாதிரி சில வகை மெல்ல மெல்ல மோசமாகும், ஆனா அது பெரும்பாலும் 50, 60 வயசைத் தாண்டினவங்களுக்கு வர்றது. உங்க பட்ஜெட் எப்படி இருக்கும்ங்கிறது எந்த வகைங்கிறதைப் பொறுத்தது. அதனால முதல் செலவும் அங்கதான்.

முதல் செலவு: எந்த வகைன்னு கண்டுபிடிக்க

இங்க கஞ்சத்தனம் வேண்டாம். எச்ஆர்சிடி, டிஎல்சிஓ-வோட சேர்ந்த பிஎஃப்டி, ஆறு நிமிஷ நடைப் பரிசோதனை, ஆட்டோஇம்யூன் ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டா பயாப்ஸி. நுரையீரல் டாக்டர், ரேடியாலஜிஸ்ட், பேத்தாலஜிஸ்ட், சிலசமயம் ருமட்டாலஜிஸ்ட் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு பண்ற வழக்கம் பெரிய மையங்கள்ல இருக்கு. அப்படிப்பட்ட இடத்துல ஒரு தடவை செகண்ட் ஒப்பீனியன் வாங்கிடுங்க. தப்பான வகைக்கு ரெண்டு வருஷம் மருந்து சாப்பிடுறதை விட இது ரொம்ப மலிவு. வேலூர் சிஎம்சி, தாம்பரம் சானடோரியத்துல இருக்குற அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை மாதிரி இடங்களை தனியார் மருத்துவமனையோட சேர்த்தே யோசிங்க.

காரணத்தைக் கண்டுபிடிக்கிறது எவ்வளவு முக்கியம்னு ஒரு உதாரணம் சொல்றேன். இந்தியாவுல 1,084 ஐஎல்டி நோயாளிகளை வெச்சு 2017-ல வெளியான பதிவேடு ஆய்வுல, சுமார் 47 சதவீதம் பேருக்கு இருந்தது ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைடிஸ். புறா எச்சம், பூஞ்சை, ஏர் கூலர் தண்ணில வளர்ற கிருமி மாதிரி விஷயங்களைத் தொடர்ந்து சுவாசிக்கிறதால வர்ற ஐஎல்டி இது. இவங்களுக்கு டாக்டர் முதல்ல சொல்றது "அந்த வீட்டை விட்டு மாறுங்க" அல்லது "கூலரைத் தூக்கிப் போடுங்க". அப்போ உங்க மருத்துவச் செலவோட முதல் வரி மாத்திரை இல்லை, புது வீட்டு அட்வான்ஸ். பால்கனியில புறா கூடு கட்டின வாடகை வீடா? அட்வான்ஸ் பணம் மூணு மாச வாடகைன்னு கணக்கு வெச்சு இப்பவே தனியா எடுத்து வைங்க. இந்தச் செலவுக்கு எந்த இன்சூரன்ஸும் வராது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். "நுரையீரலைப் புதுப்பிக்கிற ஸ்டெம் செல் தெரபி, மூணு லட்சம்தான்"னு விளம்பரம் உங்க போனுக்கு கண்டிப்பா வரும். ஐஎல்டிக்கு அப்படி நிரூபிக்கப்பட்ட ஸ்டெம் செல் சிகிச்சை எதுவும் இல்லை. ஐசிஎம்ஆரோட 2017 வழிகாட்டுதல்படி, அங்கீகரிக்கப்படாத ஸ்டெம் செல் பயன்பாடு முறையான மருத்துவ ஆய்வுக்குள்ளதான் நடக்கணும், அதுக்கு நோயாளிகிட்ட காசு வாங்கக்கூடாது. காசு கேட்டா எழுந்து வந்துடுங்க.

வேலையை விடாதீங்க, கம்பெனி பாலிசியை விடாதீங்க

ரிப்போர்ட் கையில வந்த வாரத்துல பலரும் செய்ய நினைக்கிற விஷயம் ரிசைன் பண்றது. "உடம்பைப் பார்த்துக்கணும், வேலை அப்புறம்". மனசு புரியுது. ஆனா பணக் கணக்குல இந்த நேரத்துல உங்ககிட்ட இருக்குற பெரிய சொத்து மியூச்சுவல் ஃபண்ட் இல்லை, உங்க கம்பெனி குரூப் ஹெல்த் பாலிசி.

ஏன்னா, தனியா வாங்குற பாலிசியில ஏற்கனவே இருக்குற நோய்க்கு காத்திருப்பு காலம் உண்டு. ஐஆர்டிஏஐ 2024-ல இதை அதிகபட்சம் 36 மாசம்னு குறைச்சிருக்கு, முன்னாடி 48. ஆனா பெரும்பாலான குரூப் பாலிசியில முதல் நாள்லேர்ந்தே பழைய நோய்க்கும் கவர் இருக்கும். உங்க பாலிசியில அப்படி இருக்கான்னு இன்னைக்கே எச்ஆர்கிட்ட பாலிசி டாகுமென்ட் கேட்டு வாங்கிப் பாருங்க. ஆன்போர்டிங் அன்னைக்கு காட்டின ஸ்லைடு போதாது, முழு டாகுமென்ட் வேணும். அதுல நாலு விஷயம் தேடுங்க: சம் இன்ஷூர்ட் எவ்வளவு, அது குடும்பம் முழுக்கவா உங்களுக்கு மட்டுமா, ரூம் வாடகை லிமிட் இருக்கா, ஓபிடி கவர் இருக்கா.

ஓபிடி பத்தி ஏன் கேக்கறேன்னா, ஐஎல்டியில பெரும்பாலான செலவு அட்மிஷன்ல இல்லை. மாத்திரை, ரத்தப் பரிசோதனை, பிஎஃப்டி எல்லாம் வீட்டுலேர்ந்து போய் வர்ற செலவு. சாதாரண ஹெல்த் பாலிசி இதைத் தராது. ஆனா ஒரு வழி இருக்கு, பலர் விட்டுடுறாங்க. பயாப்ஸிக்கோ மூச்சுத் திணறலுக்கோ நீங்க முறையா அட்மிட் ஆனா, அதுக்கு முன்னாடி 30 நாள், டிஸ்சார்ஜுக்கு அப்புறம் 60 நாள் வரைக்கும் அதே நோய்க்கான ஸ்கேன், டெஸ்ட், மருந்து பில்லைப் பல பாலிசிகள்ல திரும்ப வாங்கலாம். நாள் கணக்கு பாலிசிக்கு பாலிசி மாறும். பில், பிரிஸ்கிரிப்ஷன் ரெண்டும் சேர்ந்து இருக்கணும். அதனால முதல் நாள்லேர்ந்தே ஒரு ஃபைல் போடுங்க.

இன்னொரு பொறி: வெறும் டெஸ்ட் எடுக்கவே அட்மிட் ஆனா கிளெய்ம் தள்ளுபடி ஆகும். பாலிசியில இதுக்கு "இன்வெஸ்டிகேஷன் அண்ட் இவாலுவேஷன்"னு தனி விலக்கே இருக்கு. பயாப்ஸி ஏன் தேவை, அதை வெச்சு என்ன சிகிச்சை முடிவு பண்ணப் போறாங்கன்னு டாக்டர் கிட்ட அட்மிஷனுக்கு முன்னாடியே தெளிவா எழுதி வாங்கிக்கோங்க.

கிளெய்ம் நியாயமில்லாம தள்ளுபடி ஆனா, முதல்ல இன்சூரன்ஸ் கம்பெனியோட குறைதீர் பிரிவுக்கு எழுதுங்க. அங்க சரியாகலைன்னா இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். 50 லட்சம் வரைக்குமான பிரச்சினைகளை அங்க கொண்டு போகலாம், கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். சென்னையில ஆபீஸ் இருக்கு.

கடிகாரத்தை இன்னைக்கே ஓட விடுங்க

கம்பெனி பாலிசி நல்லா இருந்தாலும், அது வேலை இருக்குற வரைக்கும்தான். கடைசி வேலை நாளோட கவர் முடியும். அதனால இப்பவே, வேலையில இருக்கும்போதே, உங்க பேர்ல தனியா ஒரு ஹெல்த் பாலிசிக்கு நோயைச் சொல்லி அப்ளை பண்ணுங்க. கம்பெனி ஏத்துக்கலாம், கூடுதல் பிரீமியம் கேட்கலாம், நிராகரிக்கவும் செய்யலாம். ஒருத்தர் நிராகரிச்சா இன்னொருத்தர் கிட்ட கேளுங்க.

ஏத்துக்கிட்டாங்கன்னு வைங்க. 36 மாசக் கடிகாரம் அன்னைலேர்ந்து ஓட ஆரம்பிக்கும். அந்த மூணு வருஷமும் உங்களை கம்பெனி பாலிசி காப்பாத்தும். நாலாவது வருஷம் உங்களுக்குன்னு சொந்தமா ஒரு பாலிசி இருக்கும், அப்போ வேலையை விடுறதும் மாறுறதும் உங்க இஷ்டம். இதையே வேலை போன பிறகு ஆரம்பிச்சா, மூணு வருஷம் எந்தக் கவரும் இல்லாம காத்திருக்கணும். 2025 செப்டம்பர் 22-லேர்ந்து தனிநபர் ஹெல்த் பாலிசி பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாதுங்கிறது சின்ன ஆறுதல்.

ரெண்டாவது கதவும் உண்டு. வேலையை விடும்போது குரூப் பாலிசியிலேர்ந்து அதே இன்சூரன்ஸ் கம்பெனியோட தனிநபர் பாலிசிக்கு மாறக் கேட்கலாம். உங்க உடல்நிலையைப் பார்த்துதான் முடிவு பண்ணுவாங்க, உறுதி கிடையாது. ஆனா கேட்கணும்னா நோட்டீஸ் பீரியட்லயே கேளுங்க, ரிலீவிங் லெட்டர் வாங்கின பிறகு கேட்காதீங்க. வேலை மாறும்போது பழைய கம்பெனியில கடைசி நாளுக்கும் புதுசுல சேர்ற நாளுக்கும் நடுவுல இடைவெளி விடாதீங்க. "ரெண்டு வாரம் ஊருக்குப் போய்ட்டு வந்து ஜாயின் பண்றேன்"னு சொல்ற ஆடம்பரம் உங்களுக்கு இனிமே இல்லை.

மறைச்சு வாங்கலாமா?

"சொல்லாம வாங்கிடலாம் ப்ரோ, அஞ்சு வருஷம் ஆனா கேக்க மாட்டாங்க"ன்னு ஏஜென்ட் யாராவது சொல்லுவாங்க. அவங்க சொல்றது மோராட்டோரியம். தொடர்ந்து 60 மாசம் கவர் இருந்தா, தகவல் சொல்லலைன்னு காரணம் காட்டி கிளெய்மை மறுக்கக் கூடாதுங்கிற விதி. அதே விதியில "நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர"ன்னு ஒரு வரி இருக்கு. உங்க எச்ஆர்சிடி ரிப்போர்ட்ல தேதி இருக்கு, பாலிசி வாங்கின தேதி அதுக்கு அப்புறம். இதுக்கு மேல என்ன நிரூபணம் வேணும்?

நோய் தெரியறதுக்கு முன்னாடியே நேர்மையா வாங்கின டேர்ம் இன்சூரன்ஸ் இருந்தா, அதை உயிரைக் கொடுத்தாவது தொடருங்க. இப்போ வந்த நோயால அந்த பாலிசி செல்லாம போகாது. இன்சூரன்ஸ் சட்டம் 45-வது பிரிவுப்படி மூணு வருஷம் முடிஞ்ச ஆயுள் பாலிசியை எந்தக் காரணம் காட்டியும் கேள்வி கேட்க முடியாது. பிரீமியத்தை ஆட்டோ டெபிட்ல போடுங்க, அந்த பேங்க் கணக்குல எப்பவும் பேலன்ஸ் இருக்கட்டும். லேப்ஸ் ஆனா இனிமே அந்த விலைக்கு வாங்க முடியாது, வாங்கவே முடியாமலும் போகலாம்.

கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி இருக்கே, பணம் வருமா?

அவசரப்படாதீங்க. இந்த பாலிசியில நோயோட பேர் போதாது, வரையறை பொருந்தணும். ஐஆர்டிஏஐ-யோட பொதுவான வரையறையில "எண்ட் ஸ்டேஜ் லங் ஃபெயிலியர்"னு இருக்கு. அதுக்கு என்ன வேணும் தெரியுமா? எஃப்இவி-1 அளவு மூணு மாச இடைவெளியில மூணு தடவையும் 1 லிட்டருக்குக் கீழ. தொடர்ந்து நிரந்தரமா ஆக்சிஜன் தேவை. ரத்தத்துல ஆக்சிஜன் அழுத்தம் 55 எம்எம்எச்ஜி அல்லது அதுக்குக் கீழ. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல். இது எல்லாமே சேர்ந்து இருக்கணும். புதுசா ஐஎல்டி தெரிஞ்சு ஆபீஸ் போய்ட்டு இருக்குற ஒருத்தருக்கு இது பக்கத்துல கூட வராது. வரவும் வேண்டாம்.

நுரையீரல் ரத்தக்குழாய்ல அழுத்தம் ஏறுற பிரைமரி (இடியோபதிக்) பல்மனரி ஹைப்பர்டென்ஷனும் அந்தப் பட்டியல்ல இருக்கு, அதுலயும் நாலாவது நிலை பாதிப்புன்னு கேட்பாங்க. பாலிசியைத் தொடருங்க, ஆனா அந்தப் பத்து லட்சத்தை இந்த வருஷ பட்ஜெட்ல எழுதாதீங்க.

21,000-க்குள்ள சம்பளமா? இஎஸ்ஐ-யைக் குறைச்சு நினைக்காதீங்க

மாதச் சம்பளம் 21,000 வரைக்கும் இருக்குறவங்களுக்கு, கம்பெனி இஎஸ்ஐ-க்குள்ள வந்தா, சம்பளத்துல 0.75 சதவீதம் பிடிப்பாங்க. "இதெல்லாம் வேஸ்ட்"னு ஆபீஸ்ல புலம்பாதவங்க இல்லை. ஆனா இந்த நோய்க்கு இஎஸ்ஐ பல தனியார் பாலிசியை விட நல்லது. மாத்திரை, ஓபிடி, அட்மிஷன் எல்லாத்துக்கும் கவர் உண்டு, ரூபாய் லிமிட் இல்லை.

அதுக்கு மேல சம்பள ஈடும் உண்டு. சாதாரண நோய்க்கு வருஷத்துல 91 நாள் வரை 70 சதவீத சம்பளம். நீண்டகால நோய்கள்னு 34 நோய்ப் பட்டியல் ஒண்ணு வெச்சிருக்காங்க, அதுல இன்டர்ஸ்டிஷியல் லங் டிசீஸ் பேர் போட்டே இருக்கு. அந்தப் பட்டியல்ல வந்தா, ரெண்டு வருஷத் தொடர் வேலை, போதுமான கான்ட்ரிபியூஷன் இருந்தா, 80 சதவீத சம்பளம், அதிகபட்சம் ரெண்டு வருஷம் வரை. இதைப் படிக்கிற உங்க ஃபேக்டரி நண்பருக்கு, சூப்பர்வைசர் தம்பிக்கு இதை அனுப்பி விடுங்க, பாதிப் பேருக்கு இப்படி ஒண்ணு இருக்குறதே தெரியாது. சம்பள உயர்வால 21,000-ஐத் தாண்டப் போறவங்க, தாண்டின பிறகு எந்தக் கவருக்குள்ள வருவீங்கன்னு எச்ஆர்கிட்ட முன்கூட்டியே கேட்டுடுங்க.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு, ஆனா குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள்ள இருக்கணும். மத்திய அரசோட அரிய நோய்க் கொள்கை 2021-ல 50 லட்சம் வரை உதவின்னு செய்தி பார்த்திருப்பீங்க. டாக்டர் "ரேர் டிசீஸ்"னு சொன்னா மட்டும் போதாது, அந்தக் கொள்கையோட பட்டியல்ல உங்க நோய் பேர் இருக்கணும். பட்டியலைப் பார்த்துட்டு அப்புறம் நம்பிக்கை வைங்க.

மாச பட்ஜெட்: ஒரு கணக்கு

உதாரணத்துக்கு கையில 58,000 வாங்குற ஒருத்தர்னு வைப்போம். வாடகை 16,000, பைக் இஎம்ஐ 4,500, ஊருக்கு அனுப்புறது 10,000, சாப்பாடு மத்த செலவு 14,000, எஸ்ஐபி 8,000. மொத்தம் 52,500, மிச்சம் 5,500.

இப்போ புது வரி சேருது. மாத்திரை 9,000, மூணு மாசத்துக்கு ஒரு தடவை பிஎஃப்டி, டாக்டர் ஃபீஸ் 4,500 அதாவது மாசத்துக்கு 1,500, ரத்தப் பரிசோதனை 800, போக்குவரத்து 700. மொத்தம் 12,000. இது கணக்குக்காக நான் போட்ட எண்கள், உங்களோடது கூடவோ குறைவாவோ இருக்கும். ரத்தப் பரிசோதனையை மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. பிர்ஃபெனிடோன், நின்டெடனிப் மாதிரி மருந்துகளுக்கு ஈரல் அளவு பார்த்துக்கிட்டே இருக்கணும், ஸ்டீராய்டுக்கு சுகர்.

மிச்சம் 5,500, தேவை 12,000. குறையுறது 6,500. எங்கேர்ந்து எடுக்கிறது? என் பதில்: எஸ்ஐபி-லேர்ந்து. "எஸ்ஐபி-யை எப்பவும் நிறுத்தாதீங்க"ன்னு நானே வீடியோ வீடியோவா சொல்றவன்தான். ஆனா அது மார்க்கெட் விழும்போது பயந்து நிறுத்துறவங்களுக்கு. வருமானமே ஆட்டம் காணலாம்ங்கிற நிலைமையில, கிரெடிட் கார்டுல மருந்து வாங்கிட்டு எஸ்ஐபி கட்டுறது புத்திசாலித்தனம் இல்லை. 8,000-ல 6,500 மருந்துக்குப் போகட்டும், மீதி 1,500 ஆர்டி-ல போகட்டும்.

எமர்ஜென்சி ஃபண்டும் இனி ஆறு மாசம் போதாது, ஒரு வருஷம் வேணும். எஸ்ஐபி இல்லாம, மருந்தோட சேர்த்து இவர் மாசச் செலவு 56,500. ஒரு வருஷத்துக்கு 6,78,000. அவ்வளவு கையில இல்லைன்னா பழைய ஈக்விட்டி ஃபண்ட்லேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா எஃப்டிக்கு மாத்துங்க. ஒரு நிதியாண்டுல 1.25 லட்சம் வரை நீண்டகால லாபத்துக்கு வரி இல்லை, அதனால மார்ச்ல ஒரு பகுதி, ஏப்ரல்ல ஒரு பகுதின்னு பிரிச்சு எடுங்க.

மருந்து விலையில நிஜமாவே மிச்சம் பிடிக்கலாம். ஒரே மருந்து பிராண்டுக்கு பிராண்ட் விலை மாறுது. என்பிபிஏ-வோட ஃபார்மா சஹி தாம்ல ஒப்பிட்டுப் பாருங்க, முதல்வர் மருந்தகம், ஜன் ஔஷதி கடைகள்ல கிடைக்குமான்னு கேளுங்க. மாத்துறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை.

வீட்டுல ஆக்சிஜன் தேவைப்படுற நிலைமை எல்லாருக்கும் வராது. வந்தா, முதல் ரெண்டு மூணு மாசம் கான்சென்ட்ரேட்டரை வாடகைக்கு எடுங்க, எவ்வளவு லிட்டர் தேவைன்னு தெரிஞ்ச பிறகு வாங்குறதைப் பத்தி யோசிங்க. யாரும் சொல்லாத செலவு கரன்ட் பில். 350 வாட் மெஷின் ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடினா 5.6 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 336 யூனிட். ஏற்கனவே 250 யூனிட் எரிக்கிற வீடு 500-ஐத் தாண்டிடும், நம்ம ஊர் கட்டண அடுக்குல அதுக்கு மேல போனா மொத்தக் கணக்கே மாறும்.

வரியில என்ன கிடைக்கும்?

பெருசா இல்லை. 80டிடிபி-ல குறிப்பிட்ட நோய்களுக்கு 40,000 வரை கழிவு உண்டு, ஆனா அந்தப் பட்டியல்ல புற்றுநோய், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, சில நரம்பு, ரத்த நோய்கள் மாதிரி சிலதுதான். ஐஎல்டி இல்லை. ஆடிட்டர் நண்பர் "போட்டுக்கலாம்"னா வேண்டாம்னு சொல்லுங்க. ஹெல்த் பிரீமியத்துக்கு 80டி உண்டு, அதுவும் பழைய வரி முறையில இருந்தா மட்டும். 2026 ஏப்ரல் 1-லேர்ந்து அமலாகுற புது வருமான வரிச் சட்டத்துல இந்தப் பிரிவு எண்கள் வேற, குழம்ப வேண்டாம்.

கூகுள்ல பார்த்த எண்

எப்படியும் தேடியிருப்பீங்க. "சராசரி ஆயுள் 3 முதல் 5 வருஷம்"னு ஒரு வரி கண்ல பட்டிருக்கும். அது ஐபிஎஃப்-க்கான பழைய மீடியன், உங்க வகை அதுவாங்கிறது முதல் கேள்வி. ரெண்டாவது, மீடியன்னா பாதிப் பேர் அதுக்கு மேல வாழ்ந்தாங்கன்னு அர்த்தம். அந்த மேல் பாதி எவ்வளவு தூரம் நீளுதுன்னு மீடியன் சொல்லாது. ஸ்டீபன் ஜே கூல்ட்ங்கிற அமெரிக்க விஞ்ஞானிக்கு 1982-ல ஒரு அரிய புற்றுநோய், மீடியன் எட்டு மாசம்னு படிச்சார். அதுக்கப்புறம் இருபது வருஷம் வாழ்ந்து, வேறொரு நோய்ல 2002-ல இறந்தார்.

இதை ஏன் நிதி வலைப்பதிவுல சொல்றேன்னா, அந்த ஒரு எண்ணைப் பார்த்துட்டு பிஎஃப் மொத்தத்தையும் எடுத்து செலவு பண்றவங்களும் இருக்காங்க, ரெண்டு சென்ட் நிலத்தை அவசரத்துல வித்தவங்களும் இருக்காங்க. ரெண்டு விதமா திட்டம் போடுங்க. அடுத்த ரெண்டு வருஷம் கஷ்டமா இருந்தா பணம் கையில இருக்கணும். அறுபது வயசு வரைக்கும் இருந்தாலும் பணம் இருக்கணும். அதனால பிஎஃப் மருத்துவ அட்வான்ஸை கடைசிக்கு முந்தின கதவா வெச்சுக்கோங்க. அது லோன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டாம், 5 லட்சம் வரை ஆட்டோ செட்டில்மென்ட்ல சீக்கிரமே வந்துடும். அவ்வளவு சுலபமா வர்றதாலதான் சொல்றேன், பெர்சனல் லோனுக்கு முன்னாடி எடுங்க, எஃப்டி தீர்ந்த பிறகு எடுங்க.

ஆபீஸ்லயும் வீட்லயும்

மேனேஜர்கிட்ட நோயோட முழுப் பேரும் சொல்லணும்னு அவசியம் இல்லை. "நுரையீரல் பிரச்சினை, மூணு மாசத்துக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரி போகணும், தூசி இருக்குற இடத்துல வேலை கூடாது, வாரத்துல ரெண்டு நாள் வீட்டுலேர்ந்து வேலை"ன்னு என்ன வேணுமோ அதைக் கேளுங்க, டாக்டர் லெட்டரோட. மெயில்ல கேளுங்க, டீ குடிக்கும்போது கேட்காதீங்க.

வீட்டுல அம்மா அப்பாகிட்ட எப்ப சொல்றதுங்கிறது உங்க முடிவு. ஆனா ஒருத்தருக்காவது, மனைவியோ அண்ணனோ நெருங்கின நண்பரோ, இன்சூரன்ஸ் கார்டு எங்க இருக்கு, ஃபைல் எங்க இருக்கு, எந்த டாக்டர்னு தெரிஞ்சிருக்கணும். மூச்சுத் திணறல் வந்த ராத்திரியில நீங்க போன்ல டிபிஏ கூட பேசிட்டு இருக்க முடியாது.

கடைசியா, இன்னைக்கு ராத்திரி பத்து நிமிஷ வேலை. இபிஎஃப்ஓ போர்ட்டல்ல இ-நாமினேஷன் பாருங்க. கல்யாணத்துக்கு முன்னாடி போட்ட நாமினியே இன்னும் இருக்கான்னு செக் பண்ணுங்க. வேலையில இருக்கும்போது ஏதாவது ஆனா இடிஎல்ஐ மூலமா 7 லட்சம் வரை குடும்பத்துக்கு வரும், அதுக்கும் இந்த நாமினேஷன்தான். அப்படியே பேங்க், மியூச்சுவல் ஃபண்ட், டேர்ம் பாலிசி நாமினியையும் பார்த்துடுங்க. இது நோய் இல்லாதவங்களும் செய்ய வேண்டிய வேலை, அதனால பயந்துக்கிட்டு செய்ய வேண்டியது இல்லை.